விக்கிப்பீடியாவில் ஏ.ஐ. எழுத்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வன்னி ஊர்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்களிடமிருந்து கேள்விகள் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தையே சுற்றின. ஏ.ஐ. எழுதித் தருவதைப் போடலாமா, போட்டால் யார் பொறுப்பு, போட்டிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பவைதான் அவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

எங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி சட்ஜிபிடியிடம் கேட்டு, அது தந்த கட்டுரையை அப்படியே விக்கிப்பீடியாவில் போட்டேன். மறுநாளே நீக்கிவிட்டார்கள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. பிறகு ஏன் நீக்கினார்கள்?
— உயர்தர மாணவி, கண்டாவளை

எழுத்துப் பிழைக்காகக் கட்டுரையை நீக்குவதில்லை, தங்கச்சி. பிழை இருந்தால் யாராவது திருத்திவிட்டுப் போவார்கள். உங்கள் கட்டுரையில் சிக்கல் வேறு இடத்தில் இருந்திருக்கும். ஒரு சிறு குளத்தைப் பற்றி இணையத்தில் தமிழிலோ ஆங்கிலத்திலோ நாலு வரி கிடைப்பதே அரிது. தெரியாது என்று சொல்வதற்குப் பதிலாக, குளம் என்றால் வழக்கமாக என்ன எழுதுவார்களோ அதை ஏ.ஐ. நிரப்பித் தந்துவிடும். பண்டைய மன்னர் காலத்தில் கட்டப்பட்டது, இத்தனை ஏக்கருக்குப் பாய்கிறது, நீர்ப்பாசனத் திணைக்களம் பராமரிக்கிறது, பறவைகளின் புகலிடமாகத் திகழ்கிறது என்று நாலும் வரும்.

இதில் மூன்றாவதை மட்டும் எடுத்துப் பாருங்கள். 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய 200 ஏக்கருக்குக் குறைவான வயலுக்குப் பாயும் குளங்கள் சிறு குளங்கள். அவை கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருபவை. உங்கள் குளம் அப்படிப்பட்டதென்றால் அந்த வரி பிழை. அளவுகளிலும் இதே கதைதான். பழைய ஆவணங்கள் கொள்ளளவை ஏக்கர் அடியில் சொல்லும். ஒரு ஏக்கர் அடி சுமார் 1,233 கன மீற்றர். 1,000 ஏக்கர் அடி என்பது 12.3 இலட்சம் கன மீற்றர். ஆங்கில மில்லியனை இலட்சமாக மாற்றும்போது ஒரு சுழியம் கூடவோ குறையவோ எழுதிவிடுவது ஏ.ஐ.க்குப் புதிதல்ல. கட்டுரையைப் படிக்கிறவருக்கு அது தெரியவும் வராது.

இனி என்ன செய்யலாம் என்றால், அதே தலைப்பை மறுபடி திறந்தால் நீக்கல் பதிவில் நீக்கியவர் பெயரும் காரணமும் இருக்கும். அந்த நிருவாகியின் பேச்சுப் பக்கத்தில், பழைய உரையை உங்கள் மணல்தொட்டியில் (எழுதிப் பழகும் சொந்தப் பக்கத்தில்) மீட்டுத் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள். பிறகு ஒவ்வொரு வசனத்துக்கும் அச்சில் உள்ள ஒரு சான்று தேடுங்கள். மாவட்டப் புள்ளிவிபரக் கைந்நூல், பிரதேச செயலகம் வெளியிட்ட வளத் திரட்டு, நில அளவைத் திணைக்களத்தின் ஓர் அங்குல வரைபடம், கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர் எல்லாம் உதவும். கமக்கார அமைப்பின் தலைவர் வாயால் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் விக்கிப்பீடியாவில் சான்றாகாது. படிக்கிறவர் போய்ச் சரிபார்க்க வழி இல்லையே. அவர் சொல்வது அச்சில் வந்த ஏதாவதில் இருக்கிறதா என்று கேளுங்கள். சான்று கிடைக்காத வசனத்தை வெட்டிவிடுங்கள். ஐந்து வரி மிஞ்சினாலும் அது நிற்கும்.

ஏ.ஐ. எழுத்துப் பற்றி ஒரு விதியை, விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் முன்வைக்க நினைக்கிறோம். முழுத் தடையா, கட்டுப்பாட்டோடு அனுமதியா என்று எங்களுக்குள்ளேயே இழுபறி. ஆங்கில விக்கிப்பீடியாவில் என்ன செய்திருக்கிறார்கள்? விதியில் என்னென்ன இருக்க வேண்டும்?
— பயனர்கள் சிலர், வவுனியா

ஆங்கிலத்தில் இது படிப்படியாக வந்தது. 2023 டிசம்பரில் ஏ.ஐ. எழுத்தைத் தேடித் துப்புரவு செய்ய ஒரு திட்டக் குழு தொடங்கியது. 2025 ஓகஸ்டில் கலந்துரையாடாமலே விரைந்து நீக்கும் காரணங்களில் ஒன்றாக இதையும் சேர்த்தார்கள். மனிதர் சரிபார்க்காமல் போட்ட ஏ.ஐ. பக்கம் என்பதற்கு மூன்று அடையாளங்களை மட்டும் ஏற்றார்கள். கேட்டவரை நோக்கி ஏ.ஐ. பேசிய வசனம் கட்டுரைக்குள் அப்படியே இருப்பது ஒன்று. இல்லாத நூல்களும் தொடக்கத்திலிருந்தே வேலை செய்யாத இணைப்புகளும் சான்றாக இருப்பது இன்னொன்று. பொருளோடு சம்பந்தமே இல்லாத சான்று மூன்றாவது. நடை செயற்கையாக இருக்கிறது என்ற எண்ணத்தை மட்டும் வைத்து விரைந்து நீக்க அந்தக் காரணம் இடம் தரவில்லை. 2025 நவம்பரில், புதுக் கட்டுரையை அடியிலிருந்து ஏ.ஐ.யைக் கொண்டு ஆக்கக் கூடாது என்று ஒரு வழிகாட்டலும் வந்தது.

அதைத் தமிழில் அப்படியே பெயர்த்து ஒட்டுவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. ஆங்கிலத்தில் அண்மைய மாற்றங்களைப் பார்த்துக்கொண்டிருக்க எந்த நேரமும் ஆட்கள் உண்டு. தமிழில் கட்டுரை எண்ணிக்கை ஒன்றரை இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் நாளாந்தம் துப்புரவு செய்கிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஒருவர் ஐந்து நிமிடத்தில் போடும் கட்டுரையைச் சரிபார்க்க இன்னொருவருக்கு அரை நாள் போகிறது. விதி எப்படி இருந்தாலும் அந்தச் சுமையை எழுதியவர் பக்கம் திருப்ப வேண்டும். எங்கள் பார்வையில் இதுதான் முழு விடயமும்.

முழுத் தடை கேட்பதற்கு நல்லது. ஆனால் யார் எதைக் கொண்டு எழுதினார் என்று நிரூபிக்க முடியாது. 'இது ஏ.ஐ.', 'இல்லை, நான்தான் எழுதினேன்' என்று பேச்சுப் பக்கம் சண்டைக் களமாகும். அதற்கு எதிர்முனையில், ஏ.ஐ. பயன்படுத்தியதை அறிவித்தால் போதும் என்ற விதியும் உதவாது. அறிவித்துவிட்டுக் குப்பையைக் கொட்டுவார்கள். ஆகவே கருவியை விட்டுவிட்டு, கண்ணால் பார்த்துக் கை வைத்துக் காட்டக்கூடியவற்றின் மேல் விதியை எழுதுங்கள். எங்கள் வரைவு இது:

'சான்றாக இடும் ஒவ்வொரு நூலையும் பக்கத்தையும் இணைப்பையும் தொகுப்பவர் தாமே திறந்து படித்திருக்க வேண்டும். கேட்டால், அந்த வசனத்துக்கு ஆதாரமான வரியை ஏழு நாட்களுக்குள் பேச்சுப் பக்கத்தில் எடுத்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்தப் பகுதியை எவரும் நீக்கலாம். மீண்டும் சேர்ப்பவரே சான்று காட்டும் கடமை உடையவர்.

இல்லாத நூல், இல்லாத இணைப்பு, ஏ.ஐ. உரையாடலின் எச்சம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் புதுக் கட்டுரையை விரைந்து நீக்கலாம். முன்பே நல்ல பதிப்பு இருந்தால் அதற்கு மீளமைக்கலாம்.

ஒரு பயனரின் கட்டுரைகளில் ஐந்தைச் சரிபார்த்து இரண்டில் பொய்ச் சான்று கண்டால், மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் வரை காத்திராமல் அவருடைய மணல்தொட்டிக்கு நகர்த்தலாம்.

பேச்சுப் பக்கத்திலும் வாக்கெடுப்பிலும் ஏ.ஐ. எழுதிய வாதத்தை ஒட்டக் கூடாது.

தாம் எழுதியதில் எழுத்துப் பிழை பார்க்க, அட்டவணைக்கு விக்கிக் குறியீடு இட, தேடுவதற்குச் சொற்கள் கேட்க ஏ.ஐ.யைப் பயன்படுத்தலாம். வசனங்களை மாற்றி எழுத வைத்திருந்தால் தொகுப்புச் சுருக்கத்தில் (சேமிக்கும்போது எழுதும் குறிப்பில்) கருவியின் பெயரைக் குறிக்க வேண்டும்.'

மூன்றாவது பத்திக்குத்தான் எதிர்ப்பு வரும். நல்ல கட்டுரையும் சேர்ந்து நகர்ந்துவிடுமே என்பார்கள். நகர்வதுதான், அழிவதில்லை. எழுதியவர் சான்று காட்டித் திரும்பக் கொண்டு வரலாம். இந்தப் பத்தி இல்லாமல் போனால், ஒரே இரவில் நாற்பது ஊர்க் கட்டுரை போட்டவருக்குப் பின்னால் ஒருவர் நாற்பது நாள் அலைய வேண்டும்.

நடைமுறைக்கு: வரைவை முதலில் உங்கள் பயனர் வெளியில் வையுங்கள். ஆலமரத்தடியில் அறிவித்துக் குறைந்தது இரண்டு கிழமை கருத்துக் கேளுங்கள். ஆதரவு எதிர்ப்பு எண்ணிக்கையைக் காட்டிலும் எதிர்ப்பின் காரணத்துக்குப் பதில் சொல்லப்பட்டதா என்பதே முக்கியம். மூன்று மாதத்துக்குச் சோதனை விதியாக ஏற்கச் சொல்லிக் கேட்டால் ஒத்துக்கொள்வது சுலபம். விதி வந்த நாளுக்கு முந்திய கட்டுரைகளுக்கும் சான்று விதி பொருந்தும், ஆனால் அதற்காக எவரையும் தடை செய்வதில்லை என்று ஒரு வரி சேருங்கள். இல்லாவிட்டால் பழைய கணக்குத் தீர்க்க விதியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அண்மைய மாற்றங்களைப் பார்த்து வருகிறேன். சந்தேகம் வந்தால் ஏ.ஐ. கண்டுபிடிக்கும் தளத்தில் ஒட்டிப் பார்க்கிறேன். ஒரே பந்திக்கு ஒரு தளம் 90 வீதம் என்கிறது, இன்னொன்று 10 வீதம் என்கிறது. எதை நம்புவது?
— வாசகர், முள்ளியவளை

இரண்டையும் நம்ப வேண்டாம். ஆங்கிலத்திலேயே அவை தடுமாறுகின்றன. தமிழை நினைத்து ஆக்கப்பட்டவையும் அல்ல. பாடநூல் நடையில் நெறியாக எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பந்தியை அவை ஏ.ஐ. என்று சொல்லிவிடும். அந்த எண்ணைச் சான்றாகக் காட்டி ஒரு கட்டுரையையும் நீக்கக் கேட்காதீர்கள்.

முதலில் தொகுக்கும் பக்கத்தில் மூல உரையைத் திறந்து, ஏ.ஐ. விட்டுச்சென்ற எச்சங்களைப் பாருங்கள். விக்கியில் தடித்த எழுத்துக்கு இரு பக்கமும் மும்மூன்று ஒற்றை மேற்கோள், தலைப்புக்கு சமக்குறி. ஏ.ஐ. தளத்திலிருந்து நகல் எடுத்தால் இரட்டை உடுக்குறியும் (**) எண்குறியும் (##) வரும். சான்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஓஏஐசைட்', 'ரேர்ன் 0 சேர்ச் 0' போன்ற துணுக்குகள் ஆங்கில எழுத்தில் கிடந்தால் அது நகல்தான், பேச்சே இல்லை. இணைப்புகளின் கடைசியில் 'யூடிஎம் சோர்ஸ்' என்று தொடங்கி சட்ஜிபிடியின் பெயரோடு முடியும் வால் இருக்கலாம். அந்த வால் ஒன்றை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட முடியாது. இணைப்பை அங்கே தேடி எடுத்தார் என்பதை மட்டுமே அது சொல்கிறது. கட்டுரையைத் தாமே எழுதியிருக்கலாம். 'உங்கள் கட்டுரை இதோ', 'மேலும் விரிவாக வேண்டுமா' என்ற வரிகளை நீக்க மறந்தவர்களும் உண்டு. நிருவாகி ஒருவரிடம் சொன்னால் இந்தத் துணுக்குகள் வரும் தொகுப்புகளுக்குத் தானாகக் குறிச்சொல் விழும்படி வடிகட்டி அமைக்கலாம். தொடக்கத்தில் தடுக்காமல் குறிச்சொல் மட்டும் இடுவது நல்லது.

அடுத்து நூல்கள். நூல்களுக்கு இடும் பதின்மூன்று இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணை உட்கார்ந்த இடத்திலேயே சோதிக்கலாம். இலக்கங்களை இடமிருந்து 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். எடுத்துக்காட்டாக 978-955-1234-56-7 என்று ஒரு சான்றில் இருக்கிறது என்று வையுங்கள். 955 இலங்கைக்கு உரியது, 624உம் அப்படியே. பார்த்தால் நம்மூர் நூல் போலத்தான் தெரியும். முதல் பன்னிரண்டு இலக்கங்களையும் பெருக்கிக் கூட்டினால் 130. கடைசி இலக்கம் 0 ஆக இருக்க வேண்டும். 7 இருப்பதால் மொத்தம் 137, எண் செல்லாது. செல்லாத எண் அச்சுப் பிழையாகவும் இருக்கலாம் என்பதால் தலைப்பையும் தேடுங்கள். வன்னியில் வெளியான மலர்கள், சிறு நூல்கள் பலவற்றுக்கு ஐ.எஸ்.பி.என். எண்ணே கிடையாது. எண் இல்லாததைக் குற்றமாக எடுக்க வேண்டாம். ஈழத்து நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் 'நூலகம்' இணையத்தளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அங்கே ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு தொடர் எண் உண்டு. ஆவணத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடலாம்.

எல்லாவற்றிலும் கடினமானது, சான்று உண்மையாக இருந்து அது வேறு ஒன்றைச் சொல்வது. வன்னியில் ஆங்கிலேயரை எதிர்த்த பண்டாரவன்னியனை எடுங்கள். கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல், 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் இவ்விடத்தில் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று சொல்கிறது. அவன் அங்கே இறந்தான் என்று அதில் இல்லை. அவனுடைய மரணத்தை 1811 வரை தள்ளி வைக்கும் எழுத்துகளும் உண்டு. '1803 ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் வீரமரணம் அடைந்தார்' என்று எழுதி அந்தக் கல்வெட்டையே சான்றாக ஏ.ஐ. இட்டால், இணைப்பு வேலை செய்யும், கல்லும் உண்மை, வசனம் மட்டும் பொய். இதை எந்த வடிகட்டியும் பிடிக்காது. சான்றைத் திறந்து வசனத்தோடு ஒட்டிப் பார்ப்பது ஒன்றே வழி. பத்துச் சான்றுள்ள கட்டுரையில் மூன்றை இப்படிப் பாருங்கள். ஆண்டு, எண், ஆள் பெயர் உள்ள வசனங்களைத் தெரிந்தெடுங்கள். பொதுப்படையான புகழ் வசனங்களில் நேரத்தை விடாதீர்கள். அவற்றைச் சான்று பார்க்காமலே வெட்டலாம்.

நம் பகுதிக்கென்றே சில தடயங்கள் உண்டு. ஏ.ஐ. படித்த தமிழில் பெரும்பங்கு தமிழ்நாட்டுத் தமிழ். அதனால் ஒட்டுசுட்டானுக்குத் தாலுகாவும் முல்லைத்தீவுக்கு மாவட்ட ஆட்சியரும் வந்துவிடுவார்கள். இங்கே இருப்பது பிரதேச செயலாளர் பிரிவும் அரசாங்க அதிபரும்தான். முல்லைத்தீவில் அப்படி ஆறு பிரிவுகள், கிளிநொச்சியில் நான்கு, வவுனியாவில் நான்கு. முல்லைத்தீவைக் கடல் சூழ்ந்த தீவாக்குவது, கிளிநொச்சி மாவட்டம் 1984இல்தான் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்தது என்பதை மறந்து அதற்கு முந்திய காலத்துப் புள்ளிவிபரம் தருவது, வன்னிப் பெருநிலத்தோடு வன்னி மரத்தையோ தமிழ்நாட்டுச் சமூகம் ஒன்றையோ குழப்புவது எல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. இந்தப் பிழைகளை மனிதரும் விடுவார்கள். ஒரே கட்டுரையில் மூன்று நான்கு சேர்ந்து வந்தால் எழுதியவர் ஊர்க்காரர் இல்லை, ஊரைப் பற்றிப் படித்தவரும் இல்லை என்று கொள்ளலாம்.

பாடசாலையில் இருபத்தைந்து பிள்ளைகளுக்கு விக்கிப்பீடியாப் பயிற்சிப் பட்டறை வைக்கிறோம். எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ஏ.ஐ. பயன்படுத்தாதே என்றால் கேட்கப் போவதில்லை. எப்படி ஒழுங்கு செய்வது?
— ஆசிரியை, மல்லாவி

ரீச்சர், முதல் இடைஞ்சல் ஏ.ஐ. ஆக இருக்காது. ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குகள் மட்டுமே தொடங்கலாம். பாடசாலை இணைப்பில் ஏழாவது பிள்ளைக்குக் கணக்குத் திறக்காது. முதல் கிழமையே வீட்டிலிருந்து கணக்குத் திறந்து வரச் சொல்லுங்கள். இல்லையென்றால் தமிழ் விக்கிப்பீடியா நிருவாகி ஒருவரிடம் நாளையும் எண்ணிக்கையையும் முன்கூட்டியே சொல்லி உதவி கேளுங்கள். கணக்குப் பெயரில் பிள்ளையின் முழுப் பெயரும் பாடசாலையும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏ.ஐ.யைப் பொறுத்தவரை, வேலையின் ஒழுங்கை மாற்றினாலே பாதிச் சிக்கல் போய்விடும். 'எங்கள் ஊர்' என்று தலைப்பைக் கொடுத்து எழுதச் சொன்னால் எல்லோரும் போனைத்தான் எடுப்பார்கள். அச்சுப் பக்கத்தைக் கையில் கொடுத்துவிட்டு, இதிலிருந்து மூன்று தகவலை எடு, உன் வசனத்தில் எழுது, பக்க எண்ணைப் போடு என்று சொல்லுங்கள். வன்னி பற்றி ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட ஆங்கிலக் கைந்நூல் காப்புரிமை கடந்தது, பக்கங்களைத் தாராளமாகப் படியெடுக்கலாம். அதோடு மாவட்டக் கைந்நூலில் இரண்டு அட்டவணை, ஒரு கோயில் மலர். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பொதி. நாற்பது நிமிடத்தில் நாலு வரி வந்தால் போதும். புதுக் கட்டுரை தொடங்குவதை விட்டு, இருக்கிற கட்டுரையில் 'சான்று தேவை' என்று கிடக்கும் இடங்களை நிரப்ப விடுங்கள். அப்படிச் சேர்த்தது நீக்கப்படாமல் நிற்கும் வாய்ப்பும் கூட.

மணல்தொட்டியில் எழுதியதைப் பொதுவெளிக்கு நகர்த்தும் முன் பக்கத்துப் பிள்ளை அச்சுப் பக்கத்தை வைத்து ஒவ்வொரு வரியையும் தொட்டுப் பார்க்கட்டும். பக்கத்தில் இல்லாத தகவல் வந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கட்டும். ஏ.ஐ.யை ஒளித்துப் பயன்படுத்தியிருந்தால் அங்கேயே வெளிவரும், நீங்கள் பொலிஸ் வேலை பார்க்க வேண்டியதில்லை. நேரம் மிஞ்சினால் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஓர் ஊரைப் பற்றி ஏ.ஐ.யிடம் கேட்டு, வந்ததைப் பலகையில் போட்டுப் பிழை பிடிக்க விடுங்கள். இதில் அவர்களுக்கு உற்சாகம் அதிகம்.

2009 இறுதிப் போரில் இறந்தோர் தொகை பற்றிய பகுதியை ஏ.ஐ.யிடம் சுருக்கித் தரச் சொல்லி இடலாமா?
— வாசகர், புதுக்குடியிருப்பு

இட வேண்டாம். இந்தப் பகுதியில் ஒவ்வொரு எண்ணுக்கும் அதைச் சொன்னவர், சொன்ன ஆண்டு, எதை எண்ணினார்கள் என்ற மூன்றும் ஒட்டியிருக்க வேண்டும். ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழுவின் 2011 அறிக்கை, கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்றது. ஐ.நா.வின் 2012 உள்ளக மீளாய்வு, 70,000க்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்ற மதிப்பீட்டைக் குறித்தது. ஒன்று இறந்தவர், மற்றது கணக்கில் வராதவர். சுருக்கச் சொன்னால் '40,000 முதல் 70,000 பேர் வரை கொல்லப்பட்டனர்' என்று இரண்டையும் ஏ.ஐ. ஒன்றாக்கக் கூடும். எந்த அறிக்கையும் சொல்லாத வசனம் அது. எந்தப் பக்கத்தவரும் அதை எடுத்துக் காட்டிக் கட்டுரை முழுவதையும் பொய் என்று சொல்லலாம். போர், காணாமல் ஆக்கப்பட்டோர், காணி பற்றிய பக்கங்களில் சுருக்கத்துக்குக்கூட ஏ.ஐ. வேண்டாம் என்று விதியில் தனியே சேர்க்கலாம். வாழ்கிறவர்களைப் பற்றிய கட்டுரைகளுக்கும் அதே.

ஆங்கிலக் கட்டுரையை ஏ.ஐ. கொண்டு மொழிபெயர்த்தால் அது பொய்ச் சரக்கு இல்லையே. அதற்கும் தடையா?
— வாசகர், மடு

தகவல் பொய்யாகும் வாய்ப்பு குறைவுதான். ஆனால் தமிழ் விக்கிப்பீடியா இந்தப் பாதையில் ஏற்கெனவே ஒருமுறை போய் வந்திருக்கிறது. 2009, 2010 காலத்தில் கூகுள், மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பணம் கொடுத்துத் தன் கருவியின் உதவியோடு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் ஏற்றியது. கட்டுரைகள் நீளமாக இருந்தன, நடை தடுமாறியது, இல்லாத கட்டுரைகளைச் சுட்டும் சிவப்பு இணைப்புகள் நிறைந்தன. போட்டவர்கள் திரும்பி வந்து திருத்தவில்லை. தன்னார்வலர்கள்தான் சுத்தம் செய்தார்கள். தமிழ் விக்கிப்பீடியர்கள் விக்கிப்பீடியர்களின் உலக மாநாடான விக்கிமேனியாவில் 2010இல் அதை வெளிப்படையாக வைத்தார்கள். சின்ன மொழிகளில் இது எதுவரை போகும் என்பதற்கு கிறீன்லாந்து மொழி விக்கிப்பீடியா இருக்கிறது. மொழி தெரியாதவர்கள் இயந்திரத்தால் ஏற்றிய உரை நிறைந்து போனதால், அதை மூடிவிடும்படி நிருவாகியே கேட்டு, 2025இல் மூடுவதென்று முடிவாயிற்று.

ஆகவே மொழிபெயர்க்கலாம், சில நிபந்தனைகளோடு. விக்கிப்பீடியாவின் சொந்த மொழிபெயர்ப்புக் கருவி, இயந்திர உரையை எவ்வளவு மாற்றியிருக்கிறீர்கள் என்று கணக்கிட்டு எச்சரிக்கும். வெளியில் ஏ.ஐ.யில் மொழிபெயர்த்து ஒட்டினால் அந்தக் காவல் இல்லை. ஒரு தடவைக்கு ஒரு பிரிவை மட்டும் எடுத்து, உரக்க வாசித்துத் திருத்துங்கள். ஆங்கிலக் கட்டுரையின் சான்றுகளைத் திறந்து பார்க்காமல் கொண்டு வராதீர்கள். அங்கேயே சில செத்துப்போயிருக்கும். எந்தக் கட்டுரையிலிருந்து பெயர்த்தது என்பதைத் தொகுப்புச் சுருக்கத்தில் இணைப்போடு எழுதுவது கட்டாயம். உள்ளடக்கம் சி.சி. பை-எஸ்.ஏ. உரிமத்தில் (எழுதியவரைக் குறித்து, அதே உரிமத்தில் பகிரலாம் என்பது) இருப்பதால் முதல் எழுதியவர்களைக் குறிப்பது சட்டப்படியான கடமை. ஏ.ஐ. வழியாகப் போய் வந்தால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது.

பண்டாரவன்னியனின் படத்தை ஏ.ஐ. கொண்டு வரைந்து கட்டுரையில் போடலாமா?
— வாசகர், நெடுங்கேணி

கூடாது. 1803இல் ஒளிப்படக் கலையே இல்லை. ஏ.ஐ. வரையும் முகமும் உடையும் வாளும் யாருடையவை என்று எவராலும் சொல்ல முடியாது. அதைக் கட்டுரையின் மேலே போட்டால் பாடசாலைப் பிள்ளைகள் அதையே உண்மை முகமென்று எடுப்பார்கள். கற்சிலைமடு நினைவுக் கல்லின் பழைய ஒளிப்படம் கிடைத்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் படமில்லாமலே விடுங்கள்.

நானே எழுதிய கட்டுரைக்கு, ஏ.ஐ. எழுதியது என்று எச்சரிக்கும் வார்ப்புருவை ஒட்டிவிட்டார்கள். என்ன செய்வது?
— ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், மாங்குளம்

வார்ப்புருவை நீங்களே கழற்றாதீர்கள் ஐயா. கழற்றினால் ஒருவர் மாற்றியதை மற்றவர் திருப்பும் மீளமைப்புச் சண்டையாகும், சந்தேகமும் கூடும். ஒட்டியவரிடம் எந்த வசனம், எந்தச் சான்று என்று பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். அவரால் ஒன்றையும் காட்ட முடியாவிட்டால் வார்ப்புருவை எடுக்கும்படி இன்னொரு பயனரைக் கேட்கலாம். காட்டினால், அந்தச் சான்றின் வரியை எடுத்து எழுதுங்கள். நூல் வீட்டில் இருந்தால் பக்க எண்ணோடு இரண்டு வரி போதும். இனி எழுதும்போது வேறு இடத்தில் முழுதாகத் தட்டச்சிட்டு ஒரேயடியாக ஒட்டுவதை விட்டு, மணல்தொட்டியில் பந்தி பந்தியாகச் சேமியுங்கள். கட்டுரை எப்படி வளர்ந்தது என்பது வரலாற்றுப் பக்கத்தில் நேரத்தோடு கிடக்கும். கேட்பவருக்கு அதன் இணைப்பைக் கொடுத்தால் வேலை முடிந்தது.